கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கீபோர்டு செத்துப்போகிறதா?

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. கணக்கு எழுதப் போன எனக்கு அந்த வேலையும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. கீபோர்டு பற்றி என்னிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "இப்பதான் நல்லா இருந்துச்சு, டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா அடிக்கவே மாட்டேங்குது." பாதி விடை அதிலேயே இருக்கிறது. டீ கொட்டிப் பாழான கீபோர்டு எந்த நேரமும் மக்கர் பண்ணும். ஒரு நேரம் அடித்து ஒரு நேரம் அடிக்காமல் போனால், யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது எதையாவது தூங்க வைத்திருக்கும்.

ஆகவே எந்த செட்டிங்கையும் தொடும் முன் ஒரு கேள்வி: எப்போது அடிக்காமல் போகிறது? ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகா, ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகா, காலையில் முதன்முதலாகப் போடும்போதா, சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டுமா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். லினக்ஸ்காரர்களுக்கு நடுவில் ஒரு பத்தி உண்டு. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடலாம். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் ஏதாவது ஒன்று பழையபடி திரும்பினால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள்

கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாகப் போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் தட்டியதும் அது கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்கிறது; கம்ப்யூட்டர்தான் விளக்கைப் போடச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது. ஆக, தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் போகிற வழியும் வருகிற வழியும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அப்படியும் எழுத்து விழவில்லை என்றால் மின்சாரத்தைச் சந்தேகப்பட வேண்டாம். மென்பொருள் உறைந்திருக்கலாம், கர்சர் வேறு ஜன்னலில் இருக்கலாம்.

அல்லது 'ஃபில்டர் கீஸ்' விழுந்திருக்கலாம். வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால், ஃபில்டர் கீஸ் போடட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். என்ன ஏதென்று படிக்காமல் 'எஸ்' கொடுத்துவிட்டால், அதன்பிறகு லேசான தட்டல் எதுவும் கணக்கில் வராது. கீபோர்டு மேல் ஃபைல் கட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு இது நடக்கும். 'செட்டிங்ஸ்' போய் 'ஆக்சசிபிலிட்டி' என்பதற்குள் 'கீபோர்டு' எடுத்து அணைத்துவிடலாம். விண்டோஸ் 10-ல் அந்த இடத்துக்கு 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' என்று பெயர்.

விளக்கு அசையவே இல்லை, ஆனால் மவுஸ் நகர்கிறது என்றால் கீபோர்டுக்குப் போகும் வழி மட்டும் தூங்குகிறது. இரண்டும் செத்துக் கிடந்தால் கம்ப்யூட்டரே தூங்குகிறது, அல்லது இரண்டும் தொங்கும் ஹப் (ஒரு யூஎஸ்பி ஓட்டையைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) தூங்குகிறது. சில வயர்லெஸ் கீபோர்டுகளில் இந்த விளக்கே இருக்காது. அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.

சும்மா இருந்துவிட்டு அடித்தால் முதல் சில எழுத்துகள் விழுவதில்லை

பாஸ்வேர்டை ஒழுங்காக அடித்தும் தப்பு என்று வருகிறது, இரண்டாம் முறை சரியாகிறது. இந்தப் புகார்தான் அதிகம்.

யூஎஸ்பி விதிப்படி, கம்பியில் 3 மில்லி விநாடிக்கு எந்தச் சலனமும் இல்லை என்றால் மறுமுனையில் இருக்கும் கருவி தூக்க நிலைக்குப் போக வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து விழித்திருக்கும் கருவி 500 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம், தூங்கும்போது 2.5 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். பொதுவாகக் கம்ப்யூட்டர் விடாமல் நாடித் துடிப்பு மாதிரி எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பதால் யாரும் தூங்குவதில்லை. 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்ற ஏற்பாட்டில், வேலை இல்லாத போர்ட்டுக்கு மட்டும் அந்தத் துடிப்பை விண்டோஸ் நிறுத்திவிடுகிறது. அப்புறம் நீங்கள் ஒரு கீயைத் தட்டினால், கீபோர்டு எழுப்பும் குரல் கொடுக்க வேண்டும், ஹப் அதை மேலே கொண்டுபோக வேண்டும், கம்ப்யூட்டர் மறுபடி துடிப்பைத் தொடங்க வேண்டும். எல்லோரும் ஒழுங்காக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும். நடுவில் ஒருவர் சோம்பேறியாக இருந்தால் அந்த நேரத்தில் தட்டிய எழுத்துகள் காற்றில் போகும்.

அந்தச் சோம்பேறி பெரும்பாலும் மலிவான ஹப்தான் என்பது என் அனுபவம். அதனால் செட்டிங்கைத் தேடிப் போவதற்கு முன் கீபோர்டை ஹப்பிலிருந்து பிடுங்கி நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட் வேண்டாம், மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட். தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப், ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் தர முடியும். கலர் கலராக விளக்கு மின்னும் கீபோர்டை அதில் தொங்கவிட்டால் அது பாதி உயிரில்தான் ஓடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்:

1. 'கன்ட்ரோல் பேனல்', அதில் 'பவர் ஆப்ஷன்ஸ்'. இப்போது ஓடும் பிளானுக்குப் பக்கத்தில் 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அதற்குள் 'சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்'. சின்னதாக ஒரு பட்டியல் திறக்கும். அதில் 'யூஎஸ்பி செட்டிங்ஸ்' என்பதை விரித்தால் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் செட்டிங்' இருக்கும். 'டிசேபிள்டு' ஆக்குங்கள். லேப்டாப்பில் பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று இரண்டு வரி வரும்.

2. இதற்கும் மசியவில்லை என்றால், ஸ்டார்ட் பட்டனை ரைட் க்ளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்பதை விரித்து, ஒவ்வொரு 'யூஎஸ்பி ரூட் ஹப்' (கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ஹப்) மீதும் இரட்டைக் க்ளிக் செய்து 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலுக்குப் போங்கள். 'அலோ த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டாவது படியில் பலர் ஏமாறுவார்கள். டிக் என்பது ஹப்புக்கு உரியது, கீபோர்டுக்கு அல்ல. இன்றைக்கு ஒரு ஹப்பில் டிக்கை எடுத்துவிட்டு, நாளைக்குத் துடைக்கும்போது கீபோர்டை வேறு ஓட்டையில் செருகினால் அது வேறொரு ஹப்பின் கீழே போயிருக்கலாம். கோளாறு திரும்ப வந்துவிட்டதாக நினைப்பீர்கள். டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவுக்குள் 'டிவைசஸ் பை கனெக்ஷன்' போட்டால், எந்தக் கீபோர்டு எந்த ஹப்பில் தொங்குகிறது என்று மரக்கிளை மாதிரி காட்டும். 'ஹெச்ஐடி கீபோர்டு டிவைஸ்' என்று மூன்று நான்கு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே கீபோர்டு பல பெயரில் பதிவாவது சகஜம்.

சில லேப்டாப்புகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலே இருக்காது. உங்கள் மேல் தப்பில்லை. 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்ற புதுவகைத் தூக்கம் உள்ள மெஷின்களில் இந்தப் பொறுப்பை விண்டோஸ் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது.

டெஸ்க்டாப்பில் செலக்டிவ் சஸ்பெண்டை அணைப்பதற்கு யோசிக்கவே வேண்டாம். மிச்சமாகும் மின்சாரம் கரண்ட் பில்லில் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப்பில் முதலில் சார்ஜர் வரியை மட்டும் அணைத்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போதும் தொல்லை இருந்தால் இன்னொன்றையும் அணைக்கலாம், கொஞ்சம் பேட்டரி போகும்.

புளூடூத் கீபோர்டு என்றால் கதை வேறு. தன் பேட்டரியைக் காக்க அது தானே தூங்குகிறது; தட்டியதும் எழுந்து மறுபடி இணைய ஒன்றிரண்டு விநாடி ஆகும். அதை விண்டோஸில் மாற்ற முடியாது. ஷிஃப்டை ஒரு முறை தட்டி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பாஸ்வேர்டு அடிக்கப் பழகிக்கொள்வதுதான் வழி. ஆனால் பத்து விநாடியாகியும் இணையவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் 'புளூடூத்' பகுதியில் இருக்கும் அடாப்டரைத் திறந்து, மேலே சொன்ன அதே டிக்கை எடுத்துப் பாருங்கள். பேட்டரியையும் மறக்க வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். ரீசார்ஜ் பேட்டரி போட்ட கீபோர்டு, முழுசாகச் சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி குறைவு என்று அலறுவது அதனால்தான்.

லினக்ஸில் இதே வேலைக்கு 'ஆட்டோசஸ்பெண்ட்' என்று பெயர், கெடு 2 விநாடி. கர்னல் தானாகக் கீபோர்டுகளில் கை வைப்பதில்லை. பேட்டரி மிச்சம் பிடிக்கலாம் என்று 'பவர்டாப்' போட்டு அதன் ஆட்டோ ட்யூனை ஓட்டியிருப்பீர்கள், அது எல்லா யூஎஸ்பி கருவிகளையும் ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடும். பவர்டாப்பின் பட்டியலில் கீபோர்டு, மவுஸ் வரிகளை மட்டும் 'பேட்' நிலைக்குத் திருப்பிவிடுங்கள். பெயர்தான் பேட், உங்களுக்கு நல்லது.

ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, நடுவில் சில எழுத்துகள் காணோம்

யூஎஸ்பி கீபோர்டு சொல்வதெல்லாம் "இந்தக் கீ அழுந்தியிருக்கிறது", "இப்போது விட்டாயிற்று" என்பது மட்டுமே. அழுத்திப் பிடித்தால் எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது கம்ப்யூட்டரின் வேலை. ஆகவே, விட்டாயிற்று என்ற சேதி மட்டும் வழியில் தொலைந்தால், நீங்கள் கையை எடுத்த பிறகும் கம்ப்யூட்டர் அதே எழுத்தைப் போட்டுக்கொண்டே போகும். வேறு எந்தக் கீயைத் தட்டினாலும் நின்றுவிடும். கீ ஒட்டிக்கொண்டது என்று கழற்றித் துடைக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். நிஜமாகவே ஒட்டியிருந்தால் அடுத்த கீயைத் தட்டினாலும் அந்த எழுத்து மறுபடி வந்து நிற்கும்.

சேதி தொலைவது பெரும்பாலும் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) போட்ட வயர்லெஸ் கீபோர்டில்தான். இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் என் கீபோர்டு பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். தொகையில் ஒரு பூஜ்யம் குறையும், அல்லது ஏழெட்டு பூஜ்யம் விழும். கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தேன், பேட்டரி மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம்தான் உறைத்தது: மாதக் கடைசியில்தான் பேக்கப் எடுக்க வெளி ஹார்டு டிஸ்கைச் செருகுகிறேன். டாங்கிளுக்குப் பக்கத்து ஓட்டையில்.

யூஎஸ்பி 3.0 வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் கீபோர்டு டாங்கிள் பேசுவதும் அதே 2.4-ல்தான். திருவிழா ஒலிபெருக்கி பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற மாதிரி. மருந்து, ஒரு சாதாரண யூஎஸ்பி நீட்டிப்பு வயர். டாங்கிளை அதில் செருகி, நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளிலிருந்தும் ஹார்டு டிஸ்கிலிருந்தும் தள்ளிக் கீபோர்டு பக்கமாக மேஜை மேல் வையுங்கள். இதை மின் சேமிப்புக் கோளாறு என்று நினைத்து மூன்று மாதம் தேடியவன் என்பதால் இங்கே சேர்த்திருக்கிறேன்.

தூங்கும் கம்ப்யூட்டரைக் கீபோர்டால் எழுப்ப முடியவில்லை

மூன்று இடத்தில் அனுமதி வேண்டும்: மின்சாரம், விண்டோஸ், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்). முதலாவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டுவிட்டு, அடியில் சிவப்பு விளக்கு எரியும் மவுஸ் ஒன்றைக் கீபோர்டின் போர்ட்டில் செருகுங்கள். விளக்கு துளியும் எரியவில்லை என்றால் தூக்கத்தில் அந்த ஓட்டைக்கு மின்சாரம் வரவில்லை. வேறு ஓட்டை தேடுங்கள்.

வருகிறது என்றால் அடுத்தது விண்டோஸ். டிவைஸ் மேனேஜரில் 'கீபோர்ட்ஸ்' பகுதியில் உங்கள் கீபோர்டைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில் 'அலோ திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்' என்பதில் டிக் போடுங்கள். சரியாகப் பதிந்ததா என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஆங்கில எழுத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று அடியுங்கள்: பவர் என்ற சொல், இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி. பிறகு ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு, அதோடு ஒட்டி 'டிவைஸ்க்வெரி', மறுபடி இடைவெளி, 'வேக்' அடிக்கோடு 'ஆர்ம்டு'. எழுப்பும் உரிமை உள்ள கருவிகளின் பட்டியல் வரும். அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பிறகு 'லாஸ்ட்வேக்' போட்டால், கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும். தூங்கப் போட்ட கம்ப்யூட்டர் நடுராத்திரியில் தானாக எழுந்து உட்கார்கிறது என்பவர்களுக்கும் இதுவே உதவும். அங்கே பெரும்பாலும் மவுஸின் டிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டும் சரி என்றால் பயாஸில் 'வேக் ஆன் யூஎஸ்பி' மாதிரி ஏதாவது வரி அணைந்திருக்கிறதா பாருங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

லேப்டாப் எழுந்துவிட்டது, அதன் கீபோர்டு மட்டும் எழவில்லை

வெளியே செருகிய கீபோர்டு அடிக்கிறது, லேப்டாப்பிலேயே இருக்கும் கீபோர்டு அடிக்கவில்லை என்றால், மேலே சொன்ன யூஎஸ்பி வைத்தியம் ஒன்றும் இதற்குப் பலிக்காது. பல லேப்டாப்புகளின் சொந்தக் கீபோர்டு யூஎஸ்பியில் இல்லவே இல்லை. சார்ஜ், விசிறி, பவர் பட்டன் எல்லாவற்றையும் கவனிக்கும் ஒரு குட்டிச் சில்லு உள்ளே இருக்கிறது. கீபோர்டும் அதன் பொறுப்பில்தான். டிவைஸ் மேனேஜரில் 'ஸ்டாண்டர்டு பிஎஸ்/2 கீபோர்டு' என்று காட்டினால் உங்களுடையதும் அந்த வகைதான்.

விண்டோஸ் எழுந்து அந்தச் சில்லு குழம்பி நின்றால், ரீஸ்டார்ட் போதாது. ஷட் டவுன் செய்யுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றுகிற மாதிரி இருந்தால் கழற்றுங்கள், பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போட்டுப் பாருங்கள். சில திங்க்பேட் மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள். ஃபைல் எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம்.

பாஸ்வேர்டு அடிக்கவே வழியில்லாமல் லாக் ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டால், வலது கீழ் மூலையில் ஆக்சசிபிலிட்டி சின்னத்தைத் தொட்டு 'ஆன் ஸ்கிரீன் கீபோர்டு' எடுத்து மவுஸாலேயே அடித்து உள்ளே போய்விடலாம்.

திரையைப் பின்னுக்கு முழுசாக மடக்கி டேப்லெட் ஆக்கும் மாடல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மடக்கியதும் கீபோர்டு தானாக அணைவதற்கு ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். தூங்கி எழுந்தபின் இன்னும் மடங்கியே இருக்கிறேன் என்று அது நம்பிக்கொண்டிருந்தால் கீபோர்டு செத்துத்தான் கிடக்கும். ஒரு முறை முழுசாக மடக்கி மறுபடி விரியுங்கள். காந்த உறை போட்ட செல்போனை லேப்டாப்பின் விளிம்பில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். லேப்டாப் மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார்கள் பலவும் காந்தத்தைத்தான் நம்புகின்றன.

எழுந்த பிறகு எழுத்து அடித்தால் ஜன்னல்கள் திறக்கின்றன

'இ' தட்டினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், 'டி' தட்டினால் எல்லா ஜன்னலும் கீழே போகிறது. வைரஸ் இல்லை. விண்டோஸ் கீயோடு எல் தட்டி லாக் செய்யும்போது, விண்டோஸ் கீயை விட்ட சேதி தூக்கத்தில் தொலைந்திருக்கும். அது இன்னும் அழுந்தியே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. இரண்டு பக்கத்து கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் கீ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒரு முறை தட்டிவிடுங்கள்.

சில எழுத்துகள் மட்டும் எண்ணாக விழுந்தால் (ஜே, கே, எல் தட்டினால் 1, 2, 3) 'நம் லாக்' (எண் பகுதிக்கான பூட்டு கீ) விழுந்திருக்கிறது. தனி எண் பகுதி இல்லாத சின்ன லேப்டாப்புகளில் வரும் பழைய வேடிக்கை.

தினமும் ஷட் டவுன் செய்கிறேன், ஆனாலும் மறுநாள் அதே கோளாறு

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டி டாஸ்க் மேனேஜர் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு' பக்கத்தில் 'அப் டைம்' எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நேற்று இரவு ஷட் டவுன் செய்தவர்களுக்கும் ஒன்பது நாள், பத்து நாள் என்று காட்டும். விண்டோஸ் 8 காலத்தில் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்கிற வேலை இது. ஷட் டவுன் சொன்னால், நீங்கள் திறந்த மென்பொருள்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் அடிமட்டத்தையும் டிரைவர்களையும் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) அப்படியே ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. காலையில் அதைத் திரும்ப ஏற்றுகிறது. சீக்கிரம் திறக்கும், சரி; நேற்றுக் குழம்பி நின்ற கீபோர்டு டிரைவரும் அதே குழப்பத்தோடு திரும்ப வரும்.

ரீஸ்டார்ட் அப்படியில்லை, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். "ஆஃப் பண்ணிப் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்று நான் இரண்டாவது முறை கேட்பது அதனால்தான். நிரந்தரமாக நிறுத்த, 'பவர் ஆப்ஷன்ஸ்' இடப்பக்கத்தில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', அதற்குள் 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' தட்டி, கீழே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டி போட்ட மெஷினில் இதனால் கூடும் நேரம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். நான் பார்க்கும் எல்லா மெஷினிலும் இதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

பயாஸுக்குள் போகக் கீ வேலை செய்யவில்லை. அணைத்த பிறகும் கீபோர்டு விளக்கு எரிகிறது

இரண்டும் எதிரெதிர் புகார் போலத் தெரிந்தாலும் மருந்து இருப்பது ஒரே அலமாரியில், பயாஸில்.

விண்டோஸில் அடிக்கும் கீபோர்டு, போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 தட்டினால் மட்டும் கேட்கவில்லை என்றால், பயாஸின் 'ஃபாஸ்ட் பூட்' காரணமாக இருக்கலாம். நேரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி கருவிகளை எழுப்பாமலேயே அது தாண்டிப் போகும். உள்ளே போனால்தான் அணைக்க முடியும், அணைத்தால்தான் உள்ளே போக முடியும் என்று திகைக்க வேண்டாம். விண்டோஸிலிருந்தே போகலாம்: ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும், 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட் இந்த நீலத் திரையிலேயே யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கிவிட்டது. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அப்டேட் போடாமல் அங்கேயே நிற்கும் மெஷின் என்றால் இதையும் நினைவில் வையுங்கள். புளூடூத் கீபோர்டை வைத்துக்கொண்டு பயாஸ் வாசலில் நிற்பவர்கள் பக்கத்து வீட்டிலாவது ஒரு வயர் கீபோர்டு வாங்கி வரவேண்டியதுதான்.

அணைத்த பிறகும் விளக்கு எரிவது கோளாறே இல்லை. டெஸ்க்டாப் பவர் சப்ளை, சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை 5 வோல்ட் ஒரு கிளையை உயிரோடு வைத்திருக்கும். கீபோர்டு அதிலிருந்து குடிக்கிறது. பயாஸில் 'இஆர்பி' என்ற வரியைப் போட்டால் நின்றுவிடும். அணைந்திருக்கும் கருவிகள் 2013 முதல் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டதால் வந்த வசதி இது. ஆனால் அதைப் போட்ட பிறகு, கீபோர்டைத் தட்டி அணைந்த கம்ப்யூட்டரைப் போடும் பழக்கம் இருந்தால் அது போய்விடும். யாரோ எப்போதோ இஆர்பி போட்டுவிட்டு மறந்த மெஷினில், "முன்னெல்லாம் ஸ்பேஸ் தட்டினா ஆன் ஆகும், இப்ப ஆக மாட்டேங்குது" என்று புகார் வரும்.

கரண்ட் போய் வந்த பிறகு டெஸ்க்டாப்பில் கீபோர்டு அறவே தெரியவில்லை என்றால், சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்தபின் போடுங்கள்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கோளாறு

சார்ஜரைப் பிடுங்கியதும் சரியாகிறது என்றால் செட்டிங் எதையும் தேட வேண்டாம். உலோக உடம்பு லேப்டாப்பில் கை வைத்தால் லேசாகச் சுருசுருவென்று இருக்கிறதா? எர்த் இல்லாத பிளக்கில் செருகியிருப்பீர்கள். டச்பேட் விரலின் மின்னூட்டத்தைத்தான் உணர்கிறது. எர்த் இல்லாமல் அந்த அளவு ஆடினால் கர்சர் தானாகக் குதித்து, நீங்கள் அடிக்கும் எழுத்து வேறு எங்கோ போய் விழும். பார்ப்பதற்குக் கீபோர்டு கெட்டது போலவே இருக்கும். மூன்று பின்னும் முழுசாக இறங்கும், எர்த் உள்ள பிளக்கில் மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டு பின் அடாப்டர் நடுவில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நடுவில் இருக்கும் கீகள் மட்டும் கெட்டியாகிவிட்டன, அல்லது தானாக அழுந்துகின்றன, டச்பேட் க்ளிக் ஆவதில்லை என்றால், லேப்டாப்பை மூடிச் சமதளமான மேஜையில் வைத்துக் குனிந்து பாருங்கள். ஆடுகிறதா, மூடி ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லையா? உள்ளே லித்தியம் பேட்டரி உப்பி, கீபோர்டைக் கீழிருந்து தள்ளுகிறது. கீயை அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். துணிமணி, காகிதக் கட்டு இல்லாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, சர்வீஸ் கடைக்குப் போன் செய்யும்போதே "பேட்டரி உப்பியிருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.